வீட்டுக்காரர்

சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் எங்கள் அறை
பிணவறைக்குப் போகும் வழியில் இருக்கிறது.
ஒருவகையில் வசதி.
இந்தப் பக்கம் நடக்கிறவரை நிறுத்தி
ஏன் வந்தாய் என்று ஒருவரும் கேட்பதில்லை.

சாருஜன் கதவைத் தட்டவில்லை.
முன்னால் போன பெண்ணின் குடையோடு ஒட்டிக்கொண்டு
உள்ளே வந்தான்.
இருபத்துநாலு வயது.
லீசிங் கம்பனி அட்டை
சட்டைப்பைக்குள் முகம் திரும்பிக் கிடந்தது.

கிழமைக்கு எத்தனை நாள்?
'வேலை நாள் மட்டும், மிஸ்.'
எவ்வளவு?
'ஒரு கால் போத்தல்.'
பென்சிலால் எழுதினேன்.
முதல் சொல்லும் கணக்கை
இங்கே ஆரும் பேனாவால் எழுதுவதில்லை.

காலமை கை நடுங்குமோ?
'ஓம். அது பயத்துக்கு.'
குடிச்சா நிக்குமோ?
'ஓம்.'
அப்ப எதுக்கு நடுங்கினது?
தன் கையைப் பார்த்தான்,
பஸ்ஸில் ஆரோ விட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல.

மீசாலை, வரணி, கொடிகாமம்.
கட்டுக்காசு கேட்கிற வேலை.
கேற்றடியில் மோட்டார்சைக்கிளை நிப்பாட்டி
'வீட்டுக்காரர்' என்று கூப்பிட வேண்டும்.
ஏழே ஏழு எழுத்து.
நாய்க்கு முன்னம் அவன் நெஞ்சு குரைக்கும்.
தகரவேலிக்கு அப்பால் ஆரோ
ரீவியின் சத்தத்தைக் குறைப்பார்கள்.
அவர்களும் பயந்துதான் இருந்திருப்பார்கள்.
இதைச் சொல்ல அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது.

எது முதல் வந்தது, பயமா போத்தலா?
பத்தாம் வகுப்பில் எழும்பி வாசிக்கச் சொன்னபோது
பக்கத்தில் எழுத்தே இல்லாமல் போனதாம்.
போத்தல் பிறகுதான்,
வேலைக்குச் சேர்ந்த மாதம்,
கூட்டாளி நீட்டிய ஒரு மூடி.
'அண்டைக்கு எல்லாக் கேற்றும் திறந்தது, மிஸ்.'

குடியை விட்டிட்டு வா என்றதாம் ஓரிடம்.
பதகளிப்பை மாத்திக்கொண்டு வா என்றதாம் இன்னோரிடம்.
நடுவில் யாழ்ப்பாணப் பஸ்,
நெரிசல், வியர்வை,
இறங்கின இடத்தில் தவறணை.

நான் இரண்டையும் ஒரே கோப்பில் போட்டேன்.
சட்டென்று நிப்பாட்டாதை என்றேன், வலிப்பு வரும்.
பத்து நாள் வார்ட்.
தயமின் ஊசி, நாளுக்கு நாள் குறையும் மாத்திரை,
பக்கத்துக் கட்டிலில் குறட்டை.

மூன்றாம் கிழமை
வெறியில்லாமல், முழுப் பயத்தோடு வந்தான்.
'பாருங்கோ, அப்பிடியே கிடக்கு.'
விடிய நாலு மணிக்கு எழுப்புமே, அந்தப் பயம்?
யோசித்தான்.
'அது இல்லை.'
அது சாராயம் பெத்த பிள்ளை, தாயோடு போயிட்டுது.
மிச்சம் நிக்கிறது உன்னுடையது.
இனி அதோடுதான் எங்களுக்கு வேலை.

வீட்டுப்பாடம் கொடுத்தேன்:
கடனில்லாத வீட்டுக் கேற்றில் போய்க் கூப்பிடு.
தபால் கந்தோருக்கு வழி கேள்.
முதல் கேற்றில் பதினொரு நிமிடம் நின்று திரும்பினான்.
இரண்டாவதில் ஒரு சின்னப்பிள்ளை வந்து
'அம்மா இல்லையாம் எண்டு அம்மா சொல்லச் சொன்னவா' என்றது.
சிரித்துவிட்டானாம்,
சிரிப்பு வந்ததைக் கொப்பியில் எழுதியிருந்தான்,
நேரத்தோடு.

ஐந்தாம் கிழமை வாயில் கராம்பு வாசம்.
நான் கேட்க முன்னமே
'செவ்வாய்க்கிழமை. அரைப் போத்தல்' என்றான்.
பேனாவைத் தேடி எடுத்தேன்.
அவன் கோப்பில் மையால் எழுதிய முதல் இலக்கம் அது.

அடுத்த கிழமை மழை.
கதவு திறந்தே கிடந்தது, கல் முட்டுக்கொடுத்து.
நான் ஆருடைய கோப்பிலோ குனிந்திருந்தேன்.
வெளியில்,
பிணவறைக்குப் போகும் அந்த நீள விறாந்தையில்,
'வீட்டுக்காரர்!'

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
தள்ளுவண்டிக்காரர் வண்டியை நிப்பாட்டினார்.
வா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான்.
எனக்குக் குரல் உடனே வரவில்லை.